தரையில் விடாத மகள்

எனக்கு மயக்கம் வந்த எந்த நாளிலும் என் உடம்பு தரையைத் தொட்டதில்லை. அது உம்மாவின் பெருமை. கலியாண வீட்டில், பஸ்தரிப்பில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில், எங்கே என் கண் செருகினாலும் இரண்டு கைகள் பின்னாலிருந்து அக்குளுக்குள் நுழைந்து என்னை நிமிர்த்திப் பிடித்துவிடும். பெரும்பாலும் அவை உம்மாவின் கைகள். உம்மா இல்லாத இடத்தில், உம்மா சொல்லிக்கொடுத்து வைத்த யாராவது. ஒருத்தி தாடையைத் தாங்க வேண்டும். ஒருத்தி தலைச்சீலை விலகாமல் ஊசி குத்த வேண்டும். ஒருத்தி சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து இறுக்க வேண்டும். பர்ஸானாவின் மகள் பஸ்லா நாலு பேர் பார்க்க நீட்டி நிமிர்ந்து கிடந்தாள் என்று எங்கள் ஊர் பலாபத்வலையில் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

நான் இறைச்சிக்கடைக்காரரின் மகள். வாப்பா அப்துல் ஸமத்தின் கடை மாத்தளை நகரில், சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் தூரத்து நாலந்தாவிலிருந்துகூட ஆட்கள் வந்து வாப்பாவைத்தான் குர்பான் அறுக்கக் கூப்பிடுவார்கள். அவர் கத்தி பிடித்தால் மாடு துடிக்காது என்பார்கள். அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகளுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம். இதைவிட நல்ல பகிடி ஊருக்கு எங்கே கிடைக்கும்? ஸமத் நானாவின் மகள் கறிச்சட்டிக்குள்தான் இறைச்சியைப் பார்த்திருக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்களாம். வாப்பா சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டுவாராம்.

ஆனால் அவர் எங்கள் வீட்டுக்குள் ஒரு துளி ரத்தத்தையும் கொண்டுவந்ததில்லை. கடையிலிருந்து வந்ததும் பின்பக்கக் குழாயடிக்குத்தான் போவார். சாரத்தை அங்கேயே கழற்றி ஊறப்போட்டு, குளித்து, அத்தர் பூசிக்கொண்டு முன்வாசலால் புதிதாக வருவார். சின்ன வயதில் வாப்பா இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பயம் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை. பன்னிரண்டு வயதில், தையல் வகுப்பில், பக்கத்தில் இருந்த பிள்ளையின் விரலில் ஊசி ஏறியபோதுதான் முதல் முறை. அந்தச் சிவப்புப் பொட்டை நான் ஆசையோடுதான் பார்த்தேன். அது எப்படித் திரண்டு, தன் பாரம் தாங்காமல் உருள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனதில் ஒரு கலக்கமும் இல்லை. நெஞ்சுதான் தன் பாட்டில் ஓடத் தொடங்கியது. பாய்ந்து பாய்ந்து அடித்தது. பிறகு, யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியதுபோல, நின்றே விட்டது. காதுக்குள் மழை இரைந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன என்று பிள்ளைகள் அழுதுகொண்டு சொன்னார்கள்.

இழுத்தது என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எனக்கு வலிப்பு என்றாகிவிட்டது. ஆலிம் ஒருவர் ஓதி ஊதினார். கையில் இஸ்மு கட்டினார்கள். வெள்ளித் தகட்டுக்குள் சுருட்டி வைத்த அந்த எழுத்து என் முழங்கைக்கு மேலே வியர்வையில் நனைந்தபடி பத்து வருடம் கிடந்தது. வாப்பாவின் தங்கை கைறுன்னிஸா மாமி, என் பெயர் பேச்சில் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தப் பழகிக்கொண்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? பயப்படாத ஒருத்தியின் உடம்பு ஏன் பயந்தவள்போல விழ வேண்டும்? இரவில் படுத்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். அது ஒழுங்காக, நல்ல பிள்ளைபோல அடித்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியாத பயம் ஒன்று உள்ளே இருந்து, அது இதயத்தோடு மட்டும் பேசுகிறதா என்று யோசிப்பேன்.

உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு மருத்துவமாதுப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். தெரிவும் ஆனேன். ரத்தம் பார்க்க முடியாதவளுக்கு இது என்ன ஆசை என்று மாமி கேட்டார். பிரசவம் பார்க்கும் வேலையை நான் ரத்தத்தின் வேலையாக நினைத்ததே இல்லை. கிராமம் கிராமமாக நடந்து போய், வயிற்றில் காது வைத்து, உள்ளே இருக்கும் ஒன்று நன்றாக இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற வேலை அது. அதைச் சொல்ல எனக்கு விருப்பம் இருந்தது. முதல் வருடம் முழுக்க வகுப்பறை. படத்தில் இருக்கும் ரத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் முதலாவதாகத் தேறினேன்.

பிரசவ அறைக்குள் போன முதல் நாளே விழுந்தேன். இல்லை, விழவில்லை. அதுதான் பிரச்சினையாகியது. என்னோடு படித்த றிப்காவும் எங்கள் ஊர்தான். உம்மா அவளிடம் ஏற்கனவே எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஓடி வந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்து, நிமிர்த்தி, பலம் கொண்ட மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறாள். பயிற்சிக்குப் பொறுப்பான மிஸ்ஸின் கண் முன்னால், தாதிமார் எல்லோரும் பார்க்க, என் கைகால்கள் இழுத்தன.

மிஸ் கெட்டவர் இல்லை. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். வலிப்பு உள்ள கையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றார். விசேட வைத்தியர் ஒருவரின் அறிக்கை வேண்டும், அது வரும்வரை வார்டுப் பக்கம் வரக் கூடாது, வலிப்புத்தான் என்று வந்தால் பயிற்சியிலிருந்து நீங்க வேண்டியதுதான். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

பையோடு வீட்டுக்கு வந்தேன். மாமி அன்றே வந்துவிட்டார். இதுவும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான், தூரத்தில் எங்காவது நல்ல இடத்தில் பேசி முடித்துவிடலாம், நோயைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் சரி என்றார். வாப்பா குழாயடியிலிருந்து ஈரத்தலையோடு வந்து நின்று, மயங்குவதற்கு முன் நெஞ்சு ஓடுகிறது என்கிறாளே, கண்டியில் இதயத்துக்கென்று ஒரு லேடி டொக்டர் இருக்கிறாராம், தமிழ்ப் பிள்ளையாம், வியாழக்கிழமைக்கு நம்பர் எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னார்.

டொக்டர் வாகினிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. யாழ்ப்பாணப் பேச்சு. இசீஜி எடுத்தார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பார்த்தார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, மயங்கினால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று உம்மாவைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல உம்மா கதிரையிலிருந்து எழும்பினார். என்னையும் எழுப்பி நிறுத்தி, பின்னால் வந்து, கைகளை எப்படிக் கோக்க வேண்டும், முழங்காலால் எப்படி முட்டுக்கொடுக்க வேண்டும், தாடை சரியாமல் எப்படித் தாங்க வேண்டும் என்று செய்தே காட்டினார்.

"ஒருக்காலும் கீழ விட்டதில்ல டொக்டர்," என்றார் உம்மா. அவருக்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு நேரமெண்டாலும் நிமித்திப் புடிச்சிக்கிட்டே நிப்பேன். என்ட தோள்பட்டை இதாலதான் எறங்கிப் போய் இரிக்கி. ஆம்புளயள் நடமாடுற எடத்தில பொம்புளப் புள்ள கால நீட்டிக் கெடக்கலாமா?"

டொக்டர் மூடிய பேனையை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். உம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அதே சங்கடம் இருந்தது, ஏனென்று அப்போது தெரியாமலே.

பிறகு அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். இதயம் யாரும் சொல்லிக்கொடுத்து அடிப்பதில்லை என்றார். அதற்குள்ளேயே தாளம் போடும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. தன் போக்கில் விட்டால் அது நிமிடத்துக்கு நூறு தடவை அடிக்கும். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது எழுபதுதான் அடிக்கிறது. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வரும் ஒரு நரம்பு அதை எந்நேரமும் மெல்லப் பிடித்து வைத்திருக்கிறது. வேகஸ் என்று அதற்குப் பெயர். ஓட வேண்டி வந்தால் அந்தப் பிடி தளரும், இன்னொரு கூட்டம் நரம்புகள் வேகத்தைக் கூட்டும். எல்லோருக்கும் அப்படித்தான்.

"சில பேருக்கு ரத்தத்தைக் கண்ட உடன அந்தப் பிடி ஒரேயடியா இறுகும்," என்றார். "இதயம் நிண்டு நிண்டு அடிக்கும், அழுத்தம் விழும், மூளைக்கு ரத்தம் ஏறாது. நீங்கள் பயந்தனீங்களோ இல்லையோ, அதை அந்த நரம்பு கேக்கிறதில்லை."

நான் அழத் தொடங்கினேன். பத்து வருடமாக யாரிடமிருந்தாவது கேட்க வேண்டும் என்று நினைத்திருந்த வார்த்தை அது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

விழுந்தவரைப் படுக்கப்போட்டுக் காலை உயர்த்தினால் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும், பிடி தளரும், நிமிடத்துக்குள் எழுந்துவிடுவார் என்றார் டொக்டர். நிமிர்த்தியே வைத்திருந்தால் மூளை ரத்தமில்லாமல் தவிக்கும், அப்போதுதான் கைகால் இழுக்கும். ஆனால் இது தன்னுடைய ஊகம், அறிக்கையில் எழுதுவதற்குச் சான்று வேண்டும், சாய்க்கிற மேசையில் கட்டி நிறுத்தி, நான் மயங்குவதை இயந்திரத்தில் பதிய வேண்டும் என்றார்.

உம்மா அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் புள்ளைக்கு என்ன வயசு, புள்ளகுட்டி இரிக்கா, என்ன தெரியும் என்று ஒரு முறை சொன்னார். அதன் பிறகு அக்குறணை வந்தது, மாத்தளை வந்தது, வீடும் வந்தது, உம்மா தோள்பட்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

சோதனை நாளன்று என் இதயம் என்னைக் கைவிட்டது. விழவேண்டிய ஒரே நாளில் அது விழ மறுத்தது. மேசையோடு பட்டிகளால் கட்டி, ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு உயர்த்தி, நெஞ்சில் வயர்களை ஒட்டி, அறையை மங்கலாக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு ஒழுங்காக எழும்பி எழும்பிப் போனது. எழுபத்தெட்டு. எண்பது. எழுபத்தெட்டு. மயங்கு, மயங்கு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது, இப்போதுதான் அந்த நரம்பு பேசாமல் இருக்கிறது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியது. டொக்டர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. இதில் ஒன்றும் பதியாவிட்டால் அறிக்கையில் ஒன்றும் இருக்காது. வலிப்பு என்ற சொல் மட்டும் மிஞ்சும்.

"டொக்டர், நிண்டுக்கிட்டு இரிக்கிறதால எனக்கு ஒண்டும் ஆகாது," என்றேன். "ரத்தம் எடுங்க. நான் பாக்கிறேன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தாதியிடம் தலையசைத்தார்.

உம்மா அறையின் மூலையில் நின்றிருந்தார். ஊசி ஏறியதும் நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் என் ரத்தம் கறுப்பாக நிரம்பியது. முதலில் நெஞ்சு ஓடியது. அந்த ஓட்டம் எனக்குப் பழக்கம். திரையைப் பார்த்தேன், நூற்றுப்பத்து, நூற்றிருபது. அடுத்து வரப்போவதும் தெரியும். எழும்பல்களுக்கு நடுவே தூரம் கூடியது. இன்னும் கூடியது. கடைசியாக நான் பார்த்தது ஒரு தட்டைக் கோடு. என்னுடைய இதயம் நிற்பதை என்னுடைய கண்ணால் பார்த்தேன். எத்தனை பேருக்கு அது கிடைக்கும் என்று நினைத்தது ஞாபகம்.

அதன் பிறகு நடந்ததை டொக்டர் சொல்லித்தான் தெரியும். உம்மா பாய்ந்து வந்திருக்கிறார், இரண்டு கையும் என் அக்குளைத் தேடி. டொக்டர் அவரைத் தடுக்கவில்லை. அதற்குள் மேசை இறங்கிவிட்டது, தலை தாழ்ந்து கால் உயர்ந்து. அறையில் ஓர் ஆண் தொழில்நுட்பவியலாளரும் நின்றார். அப்படியிருந்தும், நான் படுத்த நிலையில் அமைதியாகக் கிடப்பதைக் கண்டு உம்மாவின் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டனவாம்.

நான் கண் திறந்தபோது உம்மா என் கால்மாட்டில் நின்றார். கணுக்கால் தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டு, அந்தப் போர்வைக்கு மேலால் என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இழுக்கல்லயே," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "கீழ போட்ட ஒடன முழிச்சிட்டாளே."

டொக்டர் நீளமான தாளைக் கிழித்துக் காட்டினார். எழும்பல்கள், வெறும் கோடு, மறுபடி எழும்பல்கள். கோடு முடிந்து முதலாவது துடிப்பு தொடங்கும் இடத்தில் பேனையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். யாரும் மருந்து ஊசி போடவில்லை, யாரும் நெஞ்சை அமுக்கவில்லை, தானாகத் திரும்பி வந்திருக்கிறது என்றார். அந்த வட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி ஒரு பெருமை எனக்கு வந்ததில்லை. இத்தனை வருடமாகக் கோழை என்று நான் நினைத்திருந்த ஒன்று, ஒவ்வொரு தடவையும் இருட்டுக்குள் தனியாகப் போய், வழி தெரிந்து திரும்பி வந்திருக்கிறது.

உம்மா வீட்டுக்கு வந்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தோள்பட்டைக்குத் தைலம் தடவிக்கொண்டு, கைறுன்னிஸா மாமியைக் கூப்பிட்டு, மகளுக்கு வலிப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கால் மேல, தலை கீழ, இனி எல்லாருக்கும் சொல்லுங்க என்றார். இஸ்முவை உம்மாவே கத்தரித்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

அறிக்கையை மிஸ் இரண்டு தடவை படித்தார். வலிப்பு இல்லை என்பது சரி, ஆனால் மயக்கம் இருக்கிறதே என்றார். நியாயம்தான். மூன்று வாரம் தருவதாகவும், அது முடிந்ததும் வந்து பிரசவ அறையில் நிற்கும்படியும், இன்னொரு முறை விழுந்தால் அறிக்கையால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அதற்கும் டொக்டர் வாகினி ஒரு வழி சொல்லியிருந்தார். நெஞ்சு ஓடத் தொடங்கும் அந்த நேரத்திலேயே தொடை, பிட்டம், வயிறு, கை எல்லாவற்றையும் முறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறும் வரை. கால்களில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படும், அழுத்தம் விழாது, பிடி இறுகினாலும் மூளை விழித்திருக்கும். கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். ஆனால் இதை வீட்டில் கதிரையில் இருந்து பழகிப் பயனில்லை, ரத்தத்துக்கு முன்னால்தான் பழக வேண்டும்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் யாரும் கடைக்குள் கால் வைத்ததில்லை. நான் வாப்பாவிடம் கேட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எங்கட குழாயடித் தண்ணியெல்லாம் வீணாப் போச்சே மகள்," என்றார். பிறகு சிரித்தார். "சுபஹ் தொழுகைக்குப் பொறகு வாங்க. ஆக்கள் வாரத்துக்கு முந்தி."

முதல் நாள் நான் கதவருகிலேயே நின்றேன். வாப்பா எனக்கு ஒன்றும் விளக்கவில்லை. தன் வேலையைச் செய்தார். நான் என் வேலையைச் செய்தேன். இறைச்சி வெட்டும் மரக்குற்றியில் கத்தி விழும் சத்தம், நெஞ்சு ஓடும், முறுக்கு, முகம் சுடும், தளர்த்து. கறுப்பு அபாயாவுக்குள் நான் மல்யுத்தம் செய்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. அந்த மறைவு எனக்குப் பிடித்திருந்தது. அன்று விழவில்லை. இரண்டாம் நாளும் விழவில்லை. நான்காம் நாள் தைரியம் கூடிக் குற்றிக்குப் பக்கத்தில் போனேன். அன்று நேரமும் கொஞ்சம் பிந்திவிட்டது. ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வாப்பா ஈரலை அறுத்து எடுத்தபோது, நான் முறுக்கத் தொடங்குவதற்கு முன்பே காதுக்குள் மழை வந்துவிட்டது.

கண் திறந்தபோது தலைக்குக் கீழே சீமெந்துத் தரை. குளிர்ச்சியாக இருந்தது. முதுகுக்குக் கீழே காட்போட் மட்டை. என் கால்கள் இரண்டும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேல் உயர்ந்திருந்தன. வாப்பா தன் மேல்சட்டையைக் கழற்றி என் கணுக்காலைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். வெறும் பெனியனோடு, கையில் ரத்தத்தோடு, கடை வாசலை மறைத்தபடி நின்றார். அவருக்கு முன்னால் நாலைந்து பேர். அன்ஸார் நானா முன்னுக்கு நின்றார், வாரம் தவறாமல் வருகிற ஆள், அந்தக் கறிச்சட்டிப் பகிடியை ஊருக்குள் விட்டவர் அவர்தான் என்று கேள்வி.

"என்ன ஸமத் நானா," என்று அவர் எட்டிப் பார்க்கப் பார்த்தார். "மகள யாரும் தூக்கல்லயா? இப்பிடி நெலத்தில போட்டு வச்சிரிக்கிறீங்க. எறச்சிக்கு வந்த எடத்தில பாக்கிற காட்சியா இது?"

வாப்பா நகரவில்லை.

"தலைக்கு ரத்தம் போகணும், அதுக்குத்தான் கால் மேல இரிக்கி," என்றார். கடையில் விலை சொல்கிற அதே குரல். "நான்தான் போட்டேன். நான்தான் காலத் தூக்கி வச்சேன். என்ட மகள் மருத்துவமாது ஆகப் போறா. நாளைக்கு உங்கட பேரப்புள்ளயும் அவட கையிலதான் வரும். இப்ப சொல்லுங்க, உங்களுக்கு எலும்பா, தனி எறச்சியா?"

அன்ஸார் நானா எலும்போடு ஒரு கிலோ கேட்டார். வேறென்ன செய்வார்.

நான் அந்தத் தரையில் படுத்தபடி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பியிருக்கலாம், தெளிந்துவிட்டது. எழும்ப மனம் வரவில்லை. நாலு பேர் பார்க்க நான் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நெஞ்சு நிதானமாக, அந்த நரம்பின் மெல்லிய பிடிக்குள், தன் எழுபதுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிடியின் மேல் எனக்கு முதல் தடவையாகக் கோபம் இல்லை. மறுநாள் ஆட்கள் வந்த பிறகுதான் கடைக்குப் போனேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான்.

மூன்றாம் வார முடிவில் பிரசவ அறைக்குத் திரும்பினேன். மிஸ் ஒரு கட்டிலைக் காட்டினார். வில்கமுவவிலிருந்து வந்த சிங்களப் பெண், முதல் பிள்ளை. உழவு இயந்திரத்தில் ஏறி, பிறகு முச்சக்கர வண்டியில் மாறி வந்து சேர்ந்திருந்தாள். அவளுடைய வயிற்றில் பட்டி கட்டியிருந்தது. குழந்தையின் இதயம் இயந்திரத்திலிருந்து அறை முழுக்கக் கேட்டது, குதிரை ஓடுவதுபோல. நோவு வந்தது. வயிறு கல்லாக இறுகியது. இறுகியதும் அந்தச் சத்தம் மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நிற்கிறதா, பிள்ளை நிற்கிறதா என்று கேட்டாள்.

மிஸ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். தலை நெருக்குப்படும்போது குழந்தையின் வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடிக்கும், நோவு தளர அதுவும் தளரும். ஆனால் அந்த நேரம் புத்தகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உள்ளே, இன்னும் பெயர் வைக்காத அந்தப் பிள்ளைக்கும் அந்தப் பிடி வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. நெருக்கம் வந்தால் அடங்கவும், விலகினால் ஓடவும் அது பிறப்பதற்கு முன்பே கற்றிருக்கிறது.

இது நல்ல இதயம், தானாகத் திரும்பி வரும், என்னோடு சேர்ந்து கேளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். நாங்கள் இருவரும் கேட்டோம். நோவு இறங்கியது. குதிரை மறுபடி ஓடியது. அவள் சிரித்தாள்.

ரத்தம் பிறகு வந்தது. தண்ணீர்க்குடத்தோடு வந்தது, தலையோடு வந்தது, தொப்புள்கொடியை வெட்டியபோது என் கையுறை நனைந்தது. நெஞ்சு ஓடியது. நான் முறுக்கினேன். அவள் முக்கினாள், நான் முறுக்கினேன், முகம் சுட்டது, தளர்த்தினேன், மறுபடி முறுக்கினேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அதிகம் வியர்த்தது என்று சொல்ல முடியாது. பெண் பிள்ளை. வழுக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளிலும் நிறைந்தாள். விரலுக்குக் கீழே அவளுடைய நெஞ்சு படபடவென்று அடித்தது. தாயின் மார்பில் வைத்தேன். நச்சுக்கொடியும் வந்தது, அதை விரித்துச் சோதித்து முழுமையாக இருக்கிறது என்று சொன்னேன். காதுக்குள் மழை வரவில்லை.

மிஸ் கையைக் கழுவிக்கொண்டே, அடுத்த கட்டிலில் இருப்பவளுக்கு நோவு நெருங்கிவிட்டது, போய்ப் பார் என்றார்.

நனைந்த கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டேன். முறுக்கிய தொடைகள் வலித்தன. நெஞ்சு இன்னும் வேகமாகத்தான் அடித்தது. அதை அடிக்க விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தேன்.